உறைமோரும் விதைநெல்லும்

மேசைமேல் இரண்டு கைப்பிடி நெல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆடுதுறை 43. மற்றது அதைப் போலவே சன்னமான வேறொரு ரகம். இதிலிருந்து பத்து மணியை எடுத்து அதில் போட்டுக் கலக்கிவிட்டால், ஐம்பது வருஷம் நெல்லோடு பழகியவருக்கும் அந்தப் பத்தைப் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு. விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் போட்டது எந்த விரை என்று போடும்போதே தெரிந்தால்தானே அந்தப் பழமொழியால் பிரயோஜனம்?

தெரிகிற காலம் ஒன்று வரும். நாற்று விட்டு, பறித்து, நட்டு, களையெடுத்து, உரம் போட்டு எல்லாம் முடிந்து கதிர் வெளிவரும் நாளில் வரப்பில் நின்று பாருங்கள். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் பின்வரிசையில் ஒருவன் மட்டும் தலை தூக்கி நிற்பானே, அப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கதிர்கள் உயர்ந்து நிற்கும். சில தூர் பூக்கவே ஆரம்பித்திருக்காது. சிலவற்றில் கண்ணாடி இலை நிமிர்ந்து நிற்பதற்குப் பதில் சாய்ந்து கிடக்கும். சிலவற்றின் மணியில் இருக்கக்கூடாத மீசை இருக்கும். இவற்றைக் கலவன் என்பார்கள். மணியாக இருந்தபோது ஒளிந்துகொண்டவை எல்லாம் பயிரானதும் முகத்தைக் காட்டிவிடுகின்றன.

சிக்கலே இதுதான். சாப்பிடும் அரிசியை வாங்கினால் அன்றைக்கே வடித்துப் பார்த்துவிடலாம். விதையை வாங்கியவனுக்கு அதன் குணம் தெரிய மூன்று மாதம் ஆகிறது. தெரியும்போது பட்டம் போய்விட்டது, பணமும் போய்விட்டது. அப்படியானால் மூட்டையின் வாயில் தைத்திருக்கும் உள்ளங்கை அகல நீல அட்டை, உள்ளே இருப்பது இன்ன ரகம்தான் என்று எதை நம்பிச் சொல்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. சன்னத்துக்கும் மோட்டாவுக்கும் நடுத்தரமாக ஆயிரம் நெல் 20 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால் 20 கிலோ விதையில் 10 லட்சம் மணி இருக்கும். ஒரு ஏக்கருக்குச் சுமாராக ஆகும் விதை அது. 500க்கு ஒன்று கலவன் என்றாலே 2,000 அந்நியர்கள் வயலுக்குள் புகுந்துவிட்டார்கள். முன்பின்னாக முற்றும் நெல்லை ஒரே நாளில் அறுத்தால் ஒரு பங்கு பச்சையாகவும் ஒரு பங்கு உதிர்ந்தும் போகும். ஆலையில் அரைத்தால் குருணை விழும்.

இவை எங்கிருந்து வருகின்றன? பக்கத்து வயலில் வேறு ரகம் அறுத்துவிட்டு நேராக நம் வயலுக்குள் இறங்கும் அறுவடை இயந்திரத்தின் வயிற்றில் ஒட்டியிருக்கும் நெல் ஒரு வழி. போன பட்டத்தில் உதிர்ந்து, தண்ணீர் கட்டியதும் தானே முளைத்தவை இன்னொரு வழி. களம், சாக்கு, குதிர் மூன்றும் கலப்புக்குத் தோதான இடங்கள். காற்றில் வரும் மகரந்தமும் உண்டு, நெல்லில் அது குறைவு. அபூர்வமாகப் பயிரே உள்ளுக்குள் மாறிக்கொள்வதும் உண்டு. கலவனும் நம் ரகமும் ஒரே அளவு காய்த்தால் கலவனின் பங்கு அடுத்த வருஷம் அதேதான். ஆனால் மேற்சொன்ன ஒவ்வொரு வழியிலும் வருஷாவருஷம் புதிதாகக் கொஞ்சம் வந்து சேர்கிறது. காட்டு நெல் போன்றவையோ அறுவடைக்கு முன்பே உதிர்ந்து மண்ணில் பதுங்கிக்கொள்வதால் வட்டி போட்டுப் பெருகுகின்றன.

வீட்டில் உறைமோரை நினைத்துப் பாருங்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு, இன்றையதில் எடுத்து நாளைய பாலுக்கு என்று ஓட்டலாம். கொஞ்ச நாளில் தயிர் வழவழப்பாகும், புளிக்கும், ஒரு மாதிரி வாடை வரும். பாலில் குற்றமில்லை, பாத்திரத்தில் குற்றமில்லை, உறை கெட்டுவிட்டது. நல்ல தயிர் தோய்க்கும் வீட்டுக்குக் கிண்ணத்தோடு போய் ஒரு கரண்டி வாங்கி வருவோம். விதைச் சான்று முறையின் எலும்புக்கூடு இவ்வளவுதான்: உறையைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது, அதை எத்தனை கை மாற்றலாம் என்று எல்லை வைப்பது.

நெல்லுக்கு அந்த நல்ல வீடு, ரகத்தை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையம். ஆடுதுறை 43க்கு அது ஆடுதுறை. அங்கே விஞ்ஞானியின் நேர்ப் பார்வையில் விளைவது வல்லுநர் விதை, அதற்கு மஞ்சள் அட்டை. அதை விதைத்து எடுப்பது ஆதார விதை, வெள்ளை அட்டை. அதிலிருந்து வருவது சான்று விதை, நீல அட்டை. விவசாயி கைக்கு வருவது பெரும்பாலும் இந்த மூன்றாம் தலைமுறை. நேராக வல்லுநர் விதையையே எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்றால் அளவு போதாது. ஒரு கிலோ நெல் விதைத்தால் 80 கிலோ விதை எடுக்கலாம் என்று வையுங்கள். இரண்டு படி ஏறினால் அதுவே 6,400 கிலோ. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தூய்மையை விட்டுக்கொடுத்து, நிறைய அளவை வாங்கிக்கொள்கிறோம். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதற்குத்தான் அட்டையின் நிறம். அமெரிக்காவிலும் ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். நடுவே ஊதா நிறத்தில் இன்னொரு தலைமுறை வைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடெல்லாம் விஞ்ஞானிகளின் தூய்மை ஆசையில் பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பிறந்தது திருட்டைப் பிடிக்க. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தீவனப்புல் விதையில் மணலுக்குச் சாயம் ஏற்றிக் கலந்தார்கள். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. விலை உயர்ந்த காய்கறி விதையோடு அதே உருவத்திலுள்ள மலிவான விதையைக் கலப்பார்கள். ஆனால் அந்த மலிவு விதை முளைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே? அதனால் கலப்பதற்கு முன் அதைச் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். முளைக்காத விதை சாட்சி சொல்லாது. விதையைக் கொல்வதும் சாயம் ஏற்றுவதும் குற்றம் என்று 1869இல் பிரிட்டனில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதே 1869இல்தான் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் தாரண்ட் என்ற ஊரில் பிரீடரிக் நோபே என்பவர் உலகின் முதல் விதைப் பரிசோதனைக் கூடத்தைத் தொடங்கினார்.

ஆனால் நோபே வழியில் ஆய்வகத்துக்குள் உட்கார்ந்து மணல் எவ்வளவு, களை விதை எவ்வளவு, முளைப்பு எவ்வளவு என்றுதான் சொல்ல முடியும். இது எந்த ரகம் என்று சொல்ல முடியாது. மணியைப் பார்த்துத் தெரியாததைத் தாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் மூட்டை பிறப்பதற்கு முன்பே, அதிகாரி வயலுக்குப் போகிறார்.

தமிழ்நாட்டில் விதைப்பண்ணை போடுபவர் விதைத்த 35 நாளுக்குள், அல்லது பூப்பதற்கு 15 நாள் முன்பாக, விதைப்பு அறிக்கை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாங்கிய விதையின் அட்டையையும் பில்லையும் காட்ட வேண்டும். ஜாதகத்தில் முதல் கட்டம் இதுதான்: உன் தாய் யார்? பூக்கும் பருவத்திலிருந்து அறுவடைக்குள் குறைந்தது இரண்டு முறை வயலாய்வு. ஐந்து ஏக்கர் வரையுள்ள வயலில் ஐந்து இடத்தில் எண்ணுவார்கள். ஒரு இடத்துக்கு 1,000 கதிர், மொத்தம் 5,000. சான்று விதைக்கு அனுமதி 0.2 சதவீதம், அதாவது 5,000 கதிரில் பத்து கலவன். ஆதார விதைக்கு 0.05 சதவீதம், அதே 5,000இல் மூன்றாவது கலவன் கண்ணில் பட்டாலே தாண்டிவிட்டது. எல்லையைக் கொஞ்சம் மீறினால் எடுத்த எடுப்பில் தள்ளுபடி இல்லை. இன்னொரு சுற்று எண்ணி, இரண்டுக்கும் சராசரி பார்ப்பார்கள். தற்செயலாக மோசமான மூலையில் காலை வைத்துவிட்டதற்காக ஒருவர் தண்டனை பெறக் கூடாதே.

ஆய்வு வருவதற்கு முன் பண்ணைக்காரர் செய்யும் வேலைதான் உண்மையான சான்று என்று எனக்குத் தோன்றும். காலை வெயில் ஏறுவதற்கு முன், பயிரை மிதிக்காமல் வரிசைகளுக்கு நடுவே விட்ட இடைவெளியில் நடந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி பார்த்துப் பார்த்துக் கலவனைப் பிடுங்க வேண்டும். கதிரை மட்டும் ஒடித்தால் போதாது. தூரோடு எடுத்து வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும்.

அண்டை வயலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. பயிர் விலகு தூரம் என்பார்கள். நெல்லுக்கு வெறும் மூன்று மீட்டர். நெல் பூ தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் பூ. முற்பகலில் கொஞ்ச நேரம் திறந்து மூடிவிடும். வெளியேறிய மகரந்தம் சில நிமிஷத்தில் செத்துவிடும். கம்பு அப்படியில்லை. கம்பங்கதிரில் சூல்முடி முதலில் வெளியே வந்து, யாருடைய மகரந்தம் வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கும். அதன் சொந்த மகரந்தம் பிறகுதான் வரும். காற்று கொண்டுவந்த பக்கத்து ஊர்க் கம்பு முந்திக்கொள்ளும். அதனால் வீரிய ஒட்டுக் கம்பு விதைப்பண்ணைக்கு 200 மீட்டர், அதன் பெற்றோர் வரிசைகளைப் பெருக்கும் பண்ணைக்கு 1,000 மீட்டர். ஒரே அரசாங்கம் ஒரு பயிருக்கு மூன்று மீட்டரும் இன்னொன்றுக்குக் கிலோமீட்டரும் கேட்பது பூவின் சுபாவத்தை வைத்துத்தான்.

கம்பு என்றதும் ஒருவரைச் சொல்லாமல் நகர முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிப்டன் என்ற சிற்றூரில் வேலை பார்த்தவர் கிளென் பர்ட்டன். அவர் உருவாக்கிய டிப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டுக் கம்பு வரிசை இந்தியாவுக்கு வந்தது. அதைத் தாயாக வைத்துத்தான் 1965இல் நம் நாட்டின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு ஹெச்பி 1 பிறந்தது. அதே பர்ட்டனின் இன்னொரு வேலை புல். கோல்ப் மைதானத்திலும் விளையாட்டரங்கிலும் விரிக்கும் பச்சைப் புல்தரைக்கான ரகங்கள். டிப்கிரீன் 1956, டிப்வே 1960, டிப்டுவார்ப் 1965. பெயரில் இருக்கும் ‘டிப்’ அந்த ஊர்தான். பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லையே அவர்கள் பெர்முடா புல் என்கிறார்கள். அந்த அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் கலந்து பிறந்தவை இவை.

விதைச் சான்றின் மிகக் கடினமான பரீட்சை இந்தப் புல்லில்தான் இருக்கிறது. ஏனென்றால் இதற்கு விதையே கிடையாது. இந்த ஒட்டில் சேரும் அருகுக்கு 36 குரோமோசோம், ஆப்பிரிக்கப் புல்லுக்கு 18. பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் பாதிப் பாதி சேர்ந்து 27. ஒற்றைப்படை ஆகிவிட்டதால் ஜோடி சேர வழியில்லை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதைபோல வாட்டசாட்டமாக வளரும், வாரிசு மட்டும் கிடையாது. ஆகவே தண்டைக் கிள்ளி நட்டும், பாய்போல் சுருட்டிப் பெயர்த்தும்தான் பரப்ப வேண்டும்.

அப்படியானால் ஒரு தொல்லையும் இல்லையே, மகரந்தம் இல்லை, எல்லாம் தாயின் அச்சு என்று தோன்றும். அதுதான் இல்லை. உடல் பெருக்கத்திலும் எங்கோ ஒரு கணுவில் திடீர் மாற்றம் நிகழலாம். டிப்டுவார்ப் ரகமே அப்படி வந்ததுதான். டிப்கிரீன் நட்டிருந்த கோல்ப் தரைகளில் தன்னிச்சையாகக் குட்டையாய்ப் படர்ந்த திட்டுகளைக் கவனித்து எடுத்தது. ஒருவருக்குப் புது ரகமான அதே திட்டு, அடுத்தவரின் தரையில் கலவன். சில மில்லிமீட்டர் உயரத்துக்கு மழிக்கும் தரையில் ஒரு திட்டு மட்டும் நிறம் மாறி, வேகம் மாறி வளர்ந்தால் பந்து அங்கே வேறு மாதிரி உருளும். போதாததற்கு மண்ணுக்குள் சாதாரண அருகின் ஒரு கணு கிடந்தால் போதும், புதுப் புல்லோடு பின்னிக்கொண்டு வந்துவிடும். நெல்லிலாவது கதிர் உயரத்தைப் பார்க்கலாம். கதிரே விடாமல் ஓயாது வெட்டிக்கொண்டிருக்கும் புல்லில் எதைப் பார்ப்பது?

பரம்பரையைத்தான். ஜார்ஜியாவில் பயிர் மேம்பாட்டுச் சங்கம் புல்பண்ணைகளுக்குச் சான்று கொடுக்கும்போது இந்த வயலின் நாற்று எந்த வயலிலிருந்து வந்தது, அது எதிலிருந்து என்று ஆதார வயல் வரைக்கும் ஏட்டில் பின்னோக்கிப் போவார்கள். நடுவதற்கு முன் நிலத்தில் பழைய அருகு அடியோடு ஒழிந்திருக்கிறதா, வளர்ந்தபின் திட்டு ஏதும் தென்படுகிறதா என்று நடந்து பார்ப்பார்கள். தேறினால் அங்கும் நீல அட்டைதான். மரபணுச் சோதனை இன்று உண்டு, சந்தேகம் வந்தால் உதவும். ஆனால் ஏக்கர் கணக்கில் விரிந்த புல்லில் எந்தக் கணுவைச் சோதிப்பது என்று காட்டுவதற்கு, நடந்து பார்க்கும் கண்தான் வேண்டும்.

நெல்லுக்குத் திரும்புவோம். வயல் தேறி, அறுவடையாகி, சுத்திகரிப்பு முடிந்ததும் மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கொதித்துப் புரண்ட பானைக்கு மட்டும் பொருந்தும். மூட்டை அடுக்கு கொதிப்பதில்லையே. அடியில் ஈரம், ஓரத்தில் பதர், மேலே நல்ல மணி என்று இருக்கலாம். அதனால் பல மூட்டைகளில், மேலும் நடுவிலும் அடியிலும் குத்தூசி போட்டு எடுத்து, கலந்து, பாதி பாதியாகப் பிரித்துக் குறைப்பார்கள். கொதிக்காத பானையைக் கையால் கொதிக்க வைக்கும் வித்தை அது.

அதிலிருந்து 400 விதை. நூறு நூறாக நான்கு பங்கு. ஈரத் தாளில் வரிசையாக அடுக்கி, பாய்போல் சுருட்டி, அறையில் நிறுத்திவிடுவார்கள். நெல்லுக்கு ஐந்தாம் நாள் ஒருமுறையும் பதினான்காம் நாள் முடிவாகவும் பிரித்து எண்ணுவார்கள். முளைவிட்டது எல்லாம் கணக்கில் சேராது. வேரும் குருத்தும் முழுசாக, வயலில் பிழைக்கும் லட்சணத்தோடு இருந்தால்தான் இயல்பான நாற்று. குருத்து முறுக்கிக்கொண்டதும் வேர் குட்டையாய் நின்றதும் முளைத்தும் தோற்றவை. நூற்றுக்கு 80 தேற வேண்டும். ஏன் 400? நூறு விதை மட்டும் போட்டுப் பார்த்தால் அதிர்ஷ்டத்தாலேயே விடை எட்டு எண் மேலோ கீழோ போகலாம். 400 போட்டால் அந்தத் தள்ளாட்டம் நாலாகக் குறையும். அதையும் பாதியாக்க 1,600 விதை எண்ண வேண்டும். எந்த ஆய்வகமும் 400லேயே நிறுத்திக்கொள்ளும்.

ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. விதை உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது. ஈரமும் சூடும் ஏற ஏற அது தன் ஆயுளை வேகமாகச் செலவழிக்கும். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்று ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற அமெரிக்கர் சொன்ன தோராய விதி ஒன்று உண்டு. அதனால்தான் சான்றுக்கும் ஆயுள் வைத்திருக்கிறார்கள்: ஆய்வு செய்த நாளிலிருந்து ஒன்பது மாதம். பிறகு மறுபடி முளைக்க வைத்துப் பார்த்தால்தான் நீட்டிப்பு. தகரக் கூரைக் கடையில் பங்குனி வெயிலில் கிடந்த மூட்டைக்கு அந்த ஒன்பது மாதமும் சந்தேகம்தான். அட்டைக்கு வெயில் சுடுவதில்லை.

அட்டை சொல்லாதவையும் உண்டு. இந்த ரகம் உங்கள் மண்ணுக்குப் பொருந்துமா, இவ்வளவு மூட்டை விளையுமா என்றெல்லாம் அது சொல்லவே சொல்லாது. இது இன்னாருடைய பிள்ளை, இத்தனை சுத்தம், இத்தனை உயிர் என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. இன்னொன்று, இந்தியாவில் 1966ஆம் வருஷத்து விதைச் சட்டப்படி சான்று வாங்குவது கட்டாயமில்லை. அறிவிக்கப்பட்ட ரகங்களுக்கு விவரச்சீட்டு ஒட்டுவதுதான் கட்டாயம். கடையில் பச்சை அட்டை மட்டும் தொங்கும் பைகள் உண்மைநிலை விதை. அந்தப் பெயரில் ஏமாறாதீர்கள். உண்மை என்று சொல்வது விற்பவர் மட்டுமே, வயலை வெளியார் யாரும் வந்து பார்த்ததில்லை. அதில் நல்ல விதையும் நிறைய உண்டு. ஆனால் தன் கல்யாணத்துக்குத் தானே சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கும் ஊர் கூடிப் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

வீட்டு விதையை வைத்தே நடுபவர்களுக்கும் இந்த விஞ்ஞானத்தில் பங்கு உண்டு. தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். உள்ளே போட்ட முட்டை மிதந்து, அதன் தலை நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரியும்போது நிறுத்துங்கள். அதில் நெல்லைக் கொட்டினால் மிதப்பது பதரும் அரைவயிறும், அமிழ்வது விதை. உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிட வேண்டும். முளைப்புக்கு ஈரச் சாக்கில் நூறு மணியை எண்ணி முடிந்து வைத்தால் போதும். கலவனுக்கு மட்டும் குறுக்கு வழி இல்லை, வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டை மூட்டை வாயோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா, தையல் பிரித்துத் தைத்ததா என்று பாருங்கள். ஆய்வு நாளையும் காலாவதி நாளையும் படியுங்கள். அட்டையிலுள்ள குவியல் எண்தான் உங்கள் மூட்டையை அது பிறந்த வயல்வரைக்கும் கொண்டுபோகும் ஒரே நூல். அதனால் மூட்டையைப் பிரித்ததும் அட்டையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அட்டை, பில், மூட்டையிலிருந்து ஒரு பிடி விதை, மூன்றையும் அறுவடை முடியும்வரை எடுத்து வையுங்கள்.